ஸ்பெயின் லாம்பிரெட்டாவுக்கு இத்தாலி வேஷம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பழைய ஸ்கூட்டர்கள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எழுதியவருக்கு வண்டிகள் மேல் நிஜமான பிரியம் இருப்பது தெரிகிறது. ஆனால் ஸ்பெயினில் தயாரான லாம்பிரெட்டாவை நகல் என்று சொல்லி, அதை மலிவாக வாங்கி இத்தாலி வண்டி மாதிரி மாற்றிக்கொள்ளலாம் என்று அவர் யோசனை சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்படி ஒரு வண்டியைத்தான் போன வருஷம் வாங்கி, இங்கே லெஸ்டரில் வீட்டுக் கொட்டகையில் பிரித்துப் போட்டிருக்கிறேன். செர்வெட்டா ஜெட் 200. ஸ்பெயின் லாம்பிரெட்டாவின் பிற்காலப் பெயர்தான் செர்வெட்டா.

முதலில் இந்த நகல் என்ற பேச்சு. லாம்பிரெட்டாவை உருவாக்கிய, இத்தாலியின் மிலானில் இருந்த இன்னொசெந்தி நிறுவனத்திடம் முறைப்படி உரிமம் வாங்கி, ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் எய்பார் என்ற ஊரில் 1950-களிலிருந்து செய்த வண்டி இது. எய்பார் துப்பாக்கி செய்யும் ஊர். பள்ளத்தாக்குக்குள் நெருக்கியடித்துக் கட்டிய ஊர், பட்டறைகளின் ஊர். 1920-ல் துப்பாக்கித் தொழிலாளர்கள் கூட்டுறவாகத் தொடங்கிய ஆல்ஃபா பிறகு தையல் மெஷினுக்கு மாறியது. ஓர்பெயா சைக்கிள் நிறுவனமும் துப்பாக்கியில் தொடங்கியதுதான். நாற்பது வருஷம் லேத்தில் நின்றவன் நான். அந்த ஊர்த் தெருவில் நடந்தபோது, இரும்பை இழைக்கத் தெரிந்த கைகள் செய்த வண்டி என்பது எனக்குப் புரிந்தது. ஸ்பெயின் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில் வெளிநாட்டுச் சரக்கு உள்ளே வருவது பெரும்பாடு. அதனால் ஃபெம்சா மின்பாகங்கள், ஸ்பெயினிலேயே தயாரான அமால் கார்புரேட்டர் என்று உள்நாட்டுப் பொருள்களை வைத்தே ஒப்பேற்றினார்கள். மிலானில் 1971-ல் லாம்பிரெட்டா நின்றுபோன பிறகும் எய்பாரில் 1980-களின் கடைசி வரை வண்டி வந்துகொண்டுதான் இருந்தது. அதை நகல் என்று எப்படிச் சொல்வது?

நம் ஊர்க் கதையும் இதேதான். அப்பா திருச்சியில் ஓட்டியது லாம்பி 150, அதாவது இந்திய லாம்பிரெட்டா. பம்பாயில் ஏ.பி.ஐ. (ஆட்டோமொபைல் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா) செய்தது. அந்த நிறுவனத்தைப் பிறகு வாங்கியவர் சென்னையின் எம்.ஏ.சிதம்பரம், சேப்பாக்கம் மைதானத்துக்குப் பெயர் தந்தவர். அந்த வண்டியில் அப்பாவுக்கு முன்னால் நின்றுகொண்டு காவிரிப் பாலம் தாண்டியவன் நான். அதை யாராவது இத்தாலி வண்டியின் நகல் என்று சொல்லியிருந்தால் அப்பா சிரித்திருப்பார். அவருக்கு அது லாம்பி, அவ்வளவுதான்.

சரி, வாங்கிய கதைக்கு வருகிறேன். முதலில் வலென்சியா பக்கம் ஒன்றைப் பார்த்தேன். புதுப் பெயிண்ட் பளபளத்தது. சேசிஸ் எண்ணை ஃபிச்சா தெக்னிகா என்ற வண்டிச் சீட்டோடு ஒப்பிட்டால் ஓர் எழுத்துகூடப் பொருந்தவில்லை. எண்ணைச் சுற்றி இரும்பைத் தேய்த்திருந்ததும் விரலுக்குத் தெரிந்தது. திரும்பி வந்துவிட்டேன். இரண்டாவது கிடைத்தது பில்பாவோவுக்கு வெளியே, ஒரு ஆப்பிள் தோட்டத்துக் கொட்டகையில். கோழி எச்சம், இரண்டு டயரும் வெடித்துக் கிடந்தன, கிக்கர் அசையவே இல்லை. ஆனால் எண் சரியாக இருந்தது, சீட்டும் இருந்தது. 1,800 யூரோ கொடுத்து, வேனில் ஏற்றி, பில்பாவோ - போர்ட்ஸ்மவுத் கப்பலில் கொண்டுவந்தேன். வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: பெயிண்டைப் பார்க்காதீர்கள், எண்ணையும் சீட்டையும் பாருங்கள். துருவைச் சரிசெய்துவிடலாம், பொய் எண்ணை ஒன்றும் செய்ய முடியாது.

இறுகிப்போயிருந்த இன்ஜினின் பிளக்கைக் கழற்றி டீசல் ஊற்றி ஒன்பது நாள் விட்டேன். பத்தாவது நாள் காலை பிஸ்டன் ஒரு நூல் நகர்ந்தது. சமையலறையில் இருந்த மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஃபிளைவீலைச் சுத்தியலால் தட்டிக் கழற்றலாம் என்று எவர் சொன்னாலும் கேட்காதீர்கள், அதை இழுத்துக் கழற்றுகிற புல்லர் என்ற கருவியை வாங்குங்கள். ஆயில் சீல்கள் காய்ந்து கருவாடாகியிருந்தன. கேபிள்களும் செயின் கைடும் லக்னோ சரக்கு. மிலான் ஆலையின் இயந்திரங்களை வாங்கி நம் அரசு நிறுவனம் அங்கே செய்த பாகங்களை நம்பித்தான் உலகம் முழுக்கப் பல லாம்பிரெட்டாக்கள் ஓடுகின்றன. ஸ்பெயின், இந்தியா என இரண்டு நாட்டு இரும்பு ஒரே வண்டியில் அளவு பிசகாமல் உட்காருவதைப் பார்க்கும்போது ஒரு தொழிலாளியாக எனக்கு அத்தனை சந்தோஷம்.

இனி என் மனக்குறை. ஜெட் 200-இன் 198 சிசி இன்ஜினுக்கு இங்கே பெரிய கிராக்கி. அதைப் பிடுங்கி இத்தாலியின் 125, 150 சிசி வண்டிகளில் மாட்டிவிட்டு, உடம்பைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறார்கள். உடம்பை வைத்துக்கொள்கிறவர்களும் இத்தாலிப் பெயர்த் தகடு ஒட்டி, விளக்கை மாற்றி வேஷம் கட்டிவிடுகிறார்கள். இப்படியே போனால் எய்பாரில் பிறந்தபடியே இருக்கும் வண்டி ஒன்றுகூட மிஞ்சாது. என் வண்டியில் மேலே அடித்திருந்த சிவப்பைச் சுரண்டியபோது அடியில் பழைய வெள்ளை தெரிந்தது. அந்த வெள்ளையைத்தான் திரும்ப அடிக்கப்போகிறேன். ஃபெம்சா பாகங்களைத் தூக்கி எறிய மாட்டேன்.

கட்டுரையாளர் அடுத்த முறை எழுதும்போது அந்த ஒரு வரியைத் திருத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்னொரு உதவியும் வேண்டும். லாம்பி ஓட்டிய வாசகர்கள் யாரிடமாவது ஏ.பி.ஐ. கொடுத்த பழைய பழுதுபார்ப்புக் கையேடு இருந்தால், கிளட்ச் பகுதிப் பக்கங்களை மட்டும் படமெடுத்துத் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினால் போதும், நான் பெற்றுக்கொள்கிறேன். அப்பாவிடம் இருந்த புத்தகத்தைக் கறையான் தின்றுவிட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி,
லெஸ்டர், இங்கிலாந்து