பத்து உருண்டை, பன்னிரண்டு குச்சி

ஆசிரியருக்கு வணக்கம்.

வைரமும் பென்சில் கரியும் ஒரே கார்பன்தான் என்று பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். பிறகு ஒன்று ஏன் கடினம், மற்றது ஏன் தாளில் தேய்கிறது என்றால் விழிப்பார்கள்.

10 மாவு உருண்டை, 12 பல்குத்தும் குச்சி இருந்தால் வைரத்தின் ஒரு கூட்டைக் கட்டிவிடலாம்; உருண்டை கார்பன் அணு, குச்சி பிணைப்பு. 4 உருண்டைகளில் மும்மூன்று குச்சி, 6 உருண்டைகளில் இரண்டிரண்டு. கரும்பலகைப் படத்தைப் பார்த்து, கூட்டல் குறிபோல் எல்லாவற்றையும் ஒரே தளத்தில் குத்துவதுதான் வழக்கமான பிழை. மூன்று குச்சியை முக்காலிக் கால்களாக விரித்து, நான்காவது ஒன்று உச்சியில் நிற்பதாகக் கற்பனை செய்தால் குச்சிகளுக்கிடையே 109.5 பாகை ஏறக்குறைய வந்துவிடும். கடையில் வாங்கும் அணு மாதிரிப் பெட்டியின் உருண்டைகளில் துளை முன்பே இருப்பதால் பிள்ளை கோணத்தை யோசிப்பதே இல்லை.

மாவு தளர்ந்தால் குச்சி சரியும். உப்பிட்டுக் கெட்டியாகப் பிசையுங்கள். களிமண் வேண்டாம், காய்ந்ததும் வெடித்துக் குச்சி கழன்றுவிடும்.

பென்சில் கரியான கிராஃபைட்டுக்கு 120 பாகையில் தட்டையான அறுகோணங்கள் சேர்ந்த தகடு. உருண்டைகளின் மையங்களுக்கிடையே 5 செ.மீ. என்றால், அடுத்த தகடு சுமார் 12 செ.மீ. மேலே நூலில் தொங்க வேண்டும். தகடுகளுக்கிடையே குச்சி செருகினால் பாடமே போச்சு! விரலால் தள்ளினால் மேல்தகடு நகரும்; வைரக் கூடு சுலபத்தில் நெளியாது.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர்கள் இருவர்