வேலூர் ஏர்போர்ட்டுக்கு எந்த ஃப்ளைட் வரும்னு மொதல்ல சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

"வேலூர் விமான நிலையம் விரைவில் திறப்பு"ன்னு உங்க பேப்பர்லயும் மத்த பேப்பர்லயும் வருஷா வருஷம் செய்தி வந்துட்டேதான் இருக்கு, அதிகாரிங்க வந்து பார்த்தாங்க, வேலை முடியப்போகுது, லைசன்ஸ் மட்டும்தான் பாக்கின்னு. அப்துல்லாபுரத்துல டெர்மினல் கட்டியாச்சு, வெள்ளைக்காரன் காலத்து ஓடுதளத்தையும் சரி பண்ணியாச்சு, ஆனா ஜனங்க டிக்கெட் போட்டு ஏர்ற மாதிரி ஒரு ஃப்ளைட்டும் வந்தபாடில்ல. எப்ப தொறப்பாங்கன்னு எல்லாரும் கேக்கறாங்க. நான் கேக்கறது, தொறந்தா அதுல யாரு ஏறப்போறாங்க?

வெளியூர்ல இருந்து வேலூருக்கு வர்ற கூட்டம் எதுக்கு வருதுன்னு இங்க சின்னப் புள்ளைக்கும் தெரியும். சி.எம்.சி.க்குத்தான். மேற்கு வங்காளம், ஜார்கண்ட், அஸ்ஸாம், திரிபுரா, பங்களாதேஷ்னு எங்கெங்கோ இருந்து வர்றாங்க, ஆஸ்பத்திரிய சுத்தி இருக்கற தெருவுல லாட்ஜ் போர்டு, மெஸ் போர்டு எல்லாம் பெங்காலில இருக்கும் (நம்ம கடைக்காரங்களே இப்ப நல்லா பெங்காலி பேசறாங்க). ரயில்ல ராத்திரி பகலா வந்து காட்பாடில எறங்கறவங்கதான் நெறைய பேரு, கொஞ்சம் வசதி இருந்தா சென்னைக்கு ஃப்ளைட்ல வந்து அங்கிருந்து டாக்ஸி புடிக்கறாங்க. இவங்க கொல்கத்தாவுல ஏறி நேரா வேலூர்ல எறங்குனா அது பெரிய உபகாரம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா இங்க இருக்கறது சுமார் 850 மீட்டர் ஓடுதளம். அதுக்கு 19 சீட்டு சின்ன விமானம்தான் சரிப்படும்னு அதிகாரிங்களே சொல்றாங்க. சேலத்துல எறங்கற ஏ.டி.ஆர். (எழுபது சொச்சம் சீட்டு இருக்கற விசிறி விமானம்) கூட இங்க வராது, அங்க ஓடுதளம் 1,800 மீட்டர். 19 சீட்டு விமானத்துல கொல்கத்தா போக முடியாது, சென்னை, பெங்களூருன்னு பக்கத்துல போகலாம். அந்த ரெண்டு ஊருக்கும் காட்பாடில இருந்து நாள் பூரா ரயில் இருக்கு, ரோடும் இருக்கு. கொல்கத்தாக்காரர் சென்னைல எறங்கி, பெட்டிய எடுத்து, அடுத்த ஃப்ளைட்டுக்கு காத்திருந்து, திரும்ப செக்யூரிட்டி க்யூவுல நின்னு இங்க வந்து சேர்றதுக்குள்ள டாக்ஸில வந்தவரு ஓ.பி. சீட்டே போட்டு முடிச்சிருப்பாரு.

நான் சும்மா குறை சொல்லணும்னு எழுதல, இதே கதை ஏற்கனவே நடந்திருக்கு. வேலூரையும் சேர்த்திருக்கற உடான் திட்டத்துல (சின்ன ஊருக்கு ஃப்ளைட் விட ஏர்லைன்ஸுக்கு மூணு வருஷம் மானியம் குடுக்கற மத்திய அரசு திட்டம்) 2017ல மொத ரவுண்டு குடுத்தப்ப 128 ரூட், அதுல ஏர் ஒடிசாவுக்கு 50, ஏர் டெக்கானுக்கு 34, ரெண்டு கம்பெனியும் நம்புனது இந்த மாதிரி 18, 19 சீட்டு விமானத்தைத்தான். ஏதோ நாலு ரூட்ட கொஞ்ச நாள் ஓட்டிட்டு விட்டுட்டாங்க, ஒப்பந்தமும் ரத்தாச்சு. நெய்வேலி அந்த வரிசைல மாட்டுன ஊருதான். ஒரு காலத்துல வாயுதூத்னு அரசாங்க விமான கம்பெனி வந்து போன எடம், இன்னிக்கும் காத்துகிட்டு இருக்கு. அப்புறம் 2023ல அரசாங்க கணக்க தணிக்கை பண்ற சி.ஏ.ஜி. கணக்கு பாத்து சொன்னாங்க, மொத மூணு ரவுண்டுல குடுத்த 774 ரூட்டுல 403 ஆரம்பிக்கவே இல்ல, ஆரம்பிச்ச 371ல மானியம் கெடைக்கற மூணு வருஷத்த முழுசா ஓட்டுனது 112தான், மானியம் நின்ன பொறவும் ஓடுனது வெறும் 54. அந்த மானியம் சும்மா வரல, பெரிய ரூட்டுல பறக்கற ஏர்லைன்ஸ் கிட்ட வாங்கற லெவி, அது கடைசில பயணி தலைமேலதான் வந்து விழும், மாநில அரசும் ஒரு பங்கு போடுது.

சேலத்தையே எடுத்துக்கோங்களேன், 1993ல தொறந்தது. கிங்ஃபிஷர் 2009ல வந்தான், 2011ல போய்ட்டான். 2018ல ட்ரூஜெட் வந்தான், கொரோனாவுக்கு அப்புறம் அந்த கம்பெனியே படுத்துடுச்சு, சேலத்துலயும் 2021ல நின்னு போச்சு. 2023 அக்டோபர்லதான் மறுபடி ஆரம்பிச்சாங்க. ஓடுதளம் ஏ.டி.ஆருக்கு தோதா இருந்ததால கையில நெறைய ஏ.டி.ஆர். வச்சிருந்த இண்டிகோ வர முடிஞ்சுது. பாண்டிச்சேரிலயும் சர்வீஸ் நின்னு நின்னு போய், 2024 டிசம்பர்ல இதே இண்டிகோதான் வந்து மறுபடி ஆரம்பிச்சாங்க. வேலூருக்கு அப்படி ஒருத்தர் நெனச்சாலும் வர முடியாதே சார்.

அப்ப உடானே வேஸ்ட்டான்னா, அப்படியும் இல்ல. பீகார்ல தர்பங்கா, 2020 நவம்பர்ல ஆரம்பிச்சது. ஏர்ஃபோர்ஸ் ஓடுதளம், பெரிய போயிங்கே எறங்கும், டெல்லிக்கும் மும்பைக்கும் பெங்களூருக்கும் வேலைக்கு போன அந்த ஊரு ஜனம் நேரா வீட்டுக்கு வர்றாங்க. ஜனம் எங்க போகுதோ அங்க நேரா ஃப்ளைட் போகுது, அதனால கூட்டம் வருது.

வேலூர்ல ஓடுதளத்த நீட்டணும்னா நெலம் எடுக்கணும், வீடு, ரோடு எல்லாம் வரும், அது லேசுல ஆகற காரியமில்ல, அத மறைக்காம சொல்லிடலாம். முடியாதுன்னா ஏர் ஆம்புலன்ஸுக்கும் உறுப்பு தானம் கொண்டு போற அவசரத்துக்கும் பைலட் ட்ரெய்னிங்குக்கும் குடுங்க, இவ்ளோ பெரிய ஆஸ்பத்திரி இருக்கற ஊருல அதுக்கு தேவை இல்லாமலா போகும்?

அடுத்த தடவ யாராவது மந்திரியோ அதிகாரியோ அப்துல்லாபுரத்துக்கு வந்து பேட்டி குடுத்தா, உங்க நிருபர் திறப்பு தேதிய கேக்க வேணாம் சார். எந்த ஏர்லைன்ஸ் கையெழுத்து போட்டிருக்கு, அவங்ககிட்ட அந்த 19 சீட்டு விமானம் எத்தன இருக்கு, மூணு வருஷம் கழிச்சு மானியம் நின்னா டிக்கெட் எவ்ளோன்னு கேட்டு, அவரு சொல்றத அப்படியே போடுங்க.

இப்படிக்கு,
காட்பாடி வாசகர்