குரல் தேர்வை எங்கள் ஊர்களிலும் வையுங்கள்

தர்மபுரி வானொலி நிலையத்தின் நிகழ்ச்சித் தயாரிப்பாளர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். சௌகார் ஜானகியைப் பற்றி நீங்கள் ஒரு நிகழ்ச்சி செய்ய வேண்டும். அதோடு இன்னொரு வேண்டுகோளும் இருக்கிறது.

அவரைத் திரையில் பார்த்தவர்கள் நிறையப் பேர். ஆனால் முதலில் அவர் ஒரு குரல்தான். 1931இல் ராஜமுந்திரியில் பிறந்தவர், சின்ன வயதிலேயே வானொலி நாடகங்களில் பேசினார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் இயக்குநர் பி.என். ரெட்டி படத்தில் நடிக்க அழைத்தார். வீட்டில் சம்மதிக்கவில்லை, கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். அப்புறம் கைக்குழந்தையும் பணக்கஷ்டமுமாக இருந்தபோது, அவரே வாய்ப்புத் தேடிப் போனார். 1950இல் வந்த ‘ஷாவுகாரு’ படத்தின் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

தமிழுக்கு அவர் வந்த வழி நம் பக்கத்து வழி. முதல் தமிழ்ப் படமான ‘வளையாபதி’யை 1952இல் எடுத்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். அன்றைக்கு தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தன. தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றிலும் நடித்தார். ஓசூர்ப் பக்கம் ஒரே தெருவில் கேட்கிற மூன்று மொழிகள் அவை.

‘இரு கோடுகள்’ வந்தது 1969இல். பிரிந்துபோன கணவர் குமாஸ்தாவாக இருக்கும் அலுவலகத்துக்கே கலெக்டராக வருகிறார் ஜானகி. அதிகாரமும் பழைய உறவும் ஒரே குரலில் இருக்க வேண்டும். சத்தத்தைக் கூட்டாமலே இரண்டையும் கொண்டுவருகிறார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அந்தக் காட்சிகள் புரியும். வானொலி கொடுத்த பயிற்சி அது என்றே நான் நம்புகிறேன். 2022இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இன்னும் முன்னாலேயே கொடுத்திருக்கலாம்.

என் அம்மா புளி தட்டும் நாட்களில் பக்கத்தில் ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கும். கை ஓயாது, காது மட்டும் சும்மா இருக்கும். நாடகம் வந்தால் திண்ணையில் இருக்கிற பெண்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். முடிந்ததும் அந்த வசனத்தை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டுவார் ஒரு சித்தி. என்ன குரல் அது! ஆனால் குரல் தேர்வு என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

அதனால்தான் கேட்கிறேன். வாரம் ஒரு நாடகத்துக்கு நிலையான நேரம் ஒதுக்குங்கள். குரல் தேர்வை நிலையத்தில் மட்டும் வைக்காமல் பாலக்கோடு, பென்னாகரம், தேன்கனிக்கோட்டை என்று வந்து நடத்துங்கள். ஓர் அரசுப் பள்ளி வகுப்பறை போதும். கல்யாணமானவர்களும் பிள்ளை பெற்றவர்களும் வரலாம் என்று அறிவிப்பிலேயே சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் எங்கள் ஊர்ப் பெண்கள் வர மாட்டார்கள். புளி சீசன் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையாக வைத்தால் கூலி போகாது.

தேதியை மட்டும் சொல்லுங்கள். எங்கள் தெருவிலிருந்தே நாலைந்து பேரை நான் கூட்டி வருகிறேன்.

அன்புடன்,
கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு நேயர்