விருந்தினர் போக்குவரத்து குறித்து உறுப்பினர்களுக்கு ஓர் அறிவிப்பு

அனைவருக்கும் வணக்கம்.

மார்கழி, தை மாதங்களில் செட்டிநாட்டுக்கு வருவோர் பெருகுவதால், தங்குவதற்கான முன்பதிவின்போதே அவர்களிடம் பயணத்தைப் பற்றியும் பேசிவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். சென்னையிலிருந்து தனிக் காரில் வர நினைப்பவர்களுக்கு, காரைக்குடி வரை வரும் பல்லவன் ரயிலை எடுத்துச் சொல்லுங்கள்; நிலையத்திலிருந்து நம் ஆட்டோக்காரர்களே அழைத்து வந்தால் அந்த வருமானமும் ஊரிலேயே தங்கும்.

கானாடுகாத்தானில்தான் சிக்கல் அதிகம். ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டபடி வீட்டு வாசலில் வேன்கள் நிற்பதால், தலைமுறைகள் கண்ட சுண்ணாம்புச் சுவர்களில் புகை படிகிறது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-இல் இடம்பெற்ற ஊர்களை இப்படி விடுவது நமக்கு அழகல்ல. ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்கட்டு வாசலுமாக நீளும் இவ்வீடுகளின் அமைப்பு, நடந்து சுற்றுவோருக்கே முழுமையாகப் புலப்படும் என்பதால், வாகனங்களை ஊர் எல்லையிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். நடக்க இயலாத முதியோருக்கு மட்டும் விலக்கு உண்டு.

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகளைப் பார்க்க விரும்புவோரை, வெயில் ஏறுமுன் சைக்கிளிலோ டவுன் பஸ்ஸிலோ அனுப்பலாம்.

வாடகைக்குத் தரத்தக்க சைக்கிள்கள் வைத்திருப்போர், எண்ணிக்கையை இக்குழுவிலேயே தெரிவிக்கவும்.