லீடருக்கு ஒரு கடிதம்

மேற்கு மாம்பலம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள லீடருக்கு,

ஐந்து மாதமாகப் பதில் போடவில்லை. திட்டை நேரில் வாங்கிக்கொள்கிறேன். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. வீட்டில் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எட்டாவது படிக்கும் பேத்திக்கும் அவள் கூட்டாளிகளுக்கும் மொட்டை மாடியில் குடிமையியல் நடத்துகிறேன். சிரிக்காதே. இன்று அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு. பேசலாம், ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடலாம், சங்கம் வைக்கலாம், நாடு முழுக்கப் போய்வரலாம், எந்த ஊரிலும் குடியிருக்கலாம், பிடித்த தொழில் செய்யலாம் என்று விரல் மடக்கிச் சொன்னேன். ஒரு வாண்டு கேட்டது: “அப்போ பேசினவங்க பேரை ஏன் தாத்தா போர்டுல எழுதுறாங்க?”

உன் ஞாபகம் வராமலிருக்குமா? என் பேருக்குப் பக்கத்தில் எத்தனை பெருக்கல் குறி போட்டிருப்பாய், பாவி!

பாடம் நடக்கும்போது பேசினால் எழுதுவது நியாயமான கட்டுப்பாடு, இன்டர்வலிலும் எழுதினால் அநியாயம் என்றேன். (நீ எழுதினாய்.) அந்த ‘நியாயமான’ என்ற சொல்லுக்கு நம்ம ஊர்க் கதை ஒன்று உண்டு. அரசியல் சட்டம் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 1950 மார்ச்சில் ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற பம்பாய் வாரப் பத்திரிகை உள்ளே வரக் கூடாது என்று மதராஸ் அரசு தடை போட்டது. மே மாதமே உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. மறுவருஷம் சட்டத்தையே திருத்திக் கட்டுப்பாடுகளைக் கூட்டினார்கள். நல்லவேளை, பேச்சுரிமைக்குப் போடும் கட்டுப்பாடு ‘நியாயமான’தாக இருக்க வேண்டும் என்பதையும் அப்போதுதான் சேர்த்தார்கள்.

இதற்கெல்லாம் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். கேரளக் கதைக்குத்தான் நிமிர்ந்தார்கள். 1985-இல் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர், தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் அவர்கள் மத நம்பிக்கைப்படி பாடவில்லை. பள்ளியை விட்டே அனுப்பிவிட்டார்கள். வாயைத் திறக்காததற்குத் தண்டனை! மறுவருஷம் உச்ச நீதிமன்றம் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பேசாமலிருப்பதும் பேச்சுரிமையில் சேர்த்தி.

எப்போதும் மூலையில் பேசாமல் உட்காரும் பெண் அப்போதுதான் வாய் திறந்தாள்: “பயந்து பேசாம இருந்தா, அதுவும் உரிமையா தாத்தா?”

எனக்குப் பதில் வரவில்லை. ஆபீஸில் அந்தக் கையெழுத்து விவகாரத்தில் நான் முப்பத்தைந்து பேரோடு சேர்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது உனக்குத் தெரியும். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று கீழே அனுப்பிவிட்டேன்.

நீ வாயேன். லீடரைப் பார்க்க வேண்டுமாம். சாக்பீஸ் தயாராக வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கடைசி பெஞ்ச்