உமையாளுக்கு அப்பச்சி எழுதுவது

சிவமயம்
பள்ளத்தூர்

அன்புள்ள உமையாள்,

நலம். நீ போனில் சொன்னதைப் பற்றி ஆத்தாவும் நானும் இரண்டு நாளாகப் பேசினோம். "பேங்க்கில் உழைத்தது போதும் அப்பச்சி, இங்கே வந்து சும்மா இருங்க" என்றாய். உன் பாசம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் 'சும்மா' வேண்டாம்மா. ரிட்டயர் ஆன முதல் வருஷமே அதை அனுபவித்துவிட்டேன். பேப்பர் படித்து முடித்தால் மணி எட்டு. அப்புறம் இரவு வரை என்னைத் தேடி யாரும் வர மாட்டார்கள். அந்த நாட்கள் எனக்கு எவ்வளவு பாரமாக இருந்தன என்று ஆத்தாவிடம்கூடச் சொன்னதில்லை.

நம் தெருக்கோடி ஆச்சியை ஞாபகம் இருக்கிறதா? அவர் வீட்டுக்காரர் தபால் ஆபீஸில் வேலை பார்த்தவர். போன நவம்பரில் குடும்பப் பென்ஷனுக்கு ஆயுள் சான்று கொடுக்கப் போய், ரேகை விழவில்லை என்று இரண்டு தடவை திரும்பி வந்தார். ஓலைக் கொட்டான் பின்னியே தேய்ந்த விரல்கள், எப்படி விழும்? ஆயுள் சான்றை ஆதார் வழியாக டிஜிட்டலில் கொடுக்கும் ஜீவன் பிரமாண் 2014இலேயே வந்துவிட்டது. 2021 முதல் போன் கேமராவில் முகத்தைக் காட்டினாலே போதும். அது பலருக்குத் தெரிவதில்லை. ஆச்சியைத் திண்ணையில் வெளிச்சம் பார்த்து உட்கார வைத்து முடித்துக் கொடுத்தேன். மறுநாள் திண்ணையில் நாலு பேர்! மாதம் முடியும்வரை காலை ஒன்பது மணிக்கு நான் சட்டை போட்டுக்கொண்டு தயாராக இருந்தேன்.

ஊரணி விஷயமும் சொல்ல வேண்டும். மழை பெய்தும் தண்ணீர் வந்து சேரவில்லை. தூர் வாரினால் சரியாகிவிடும் என்று எல்லாரும் பேசினார்கள். கோயில் வாசலில் தினமும் உட்கார்ந்திருக்கும் ரிட்டயர்டு சர்வேயரிடம் யாரும் கேட்கவில்லை. நான் போய், "ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எந்தப் பக்கம் போகிறது, கொஞ்சம் காட்டுங்களேன்" என்றேன். விடிவதற்குள் டேப்போடு வந்து நின்றார். இரண்டு இடத்தில் வரத்துக்கால் மண் மூடிக் கிடந்தது. ஒரு வாரம் கூடவே நின்று அளந்து, தோண்ட வேண்டிய இடத்தைக் காட்டினார். ஐப்பசி மழையில் தண்ணீர் படியேறியபோது அந்த மனிதர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

வயதானவர்களிடம் போய் "ஏதாவது சேவை செய்யுங்கள்" என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் கைக்குப் பழகிய வேலையைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். உன் மாமனார் முப்பது வருஷம் கணக்கு வாத்தியார். அவருக்குச் சாய்வு நாற்காலி வாங்கப் போவதாகச் சொன்னாய். வாங்கு, தப்பில்லை. அதோடு உங்கள் பிளாட்டில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லித் தர முடியுமா என்றும் கேள். நேரத்தையும் நாளையும் அவரே முடிவு செய்யட்டும்.

நாங்கள் பொங்கல் கழித்து வந்து பத்து நாள் இருக்கிறோம். நீ தீபாவளிக்கு வரும்போது உன் பழைய போனை எடுத்து வா, முன் கேமரா தெளிவாக இருந்தால் போதும். இன்னொரு போன் இருந்தால் இந்த நவம்பரில் யாரும் வெயிலில் காத்து நிற்க வேண்டியிருக்காது.

அன்புடன்,
அப்பச்சி