கார் கண்காட்சியின் சுவரில் எதை மாட்டுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கார்களையும் அவற்றால் பிறந்த கலைப் படைப்புகளையும் ஒன்றாகக் காட்சிக்கு வைப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்தெந்தக் கார்களை யாரிடம் இரவல் பெறலாம் என்பது அதில் விரிவாகவே இருந்தது. சுவரில் எவற்றை மாட்டுவது என்பது மட்டும் ஒரே வரியில் முடிந்துவிட்டது. இத்தகைய கண்காட்சியின் தரத்தை முடிவுசெய்வது அந்த ஒரு வரிதான் என்று கருதுவதால் இதை எழுதுகிறேன்.

1951இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அதன் காட்சிப் பொறுப்பாளர் ஆர்தர் டிரெக்ஸ்லர் எட்டுக் கார்களைக் கொண்டு ஒரு கண்காட்சியை அமைத்தார். காரின் உடலையே சிற்பமாகப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய வாதம். இத்தாலியின் சிசிட்டாலியா போன்ற ஒயிலான வண்டிகளோடு போர்க்களத்துக்கென உருவான ஜீப்பையும் அவர் நிறுத்தினார் என்பதை இன்றைய அமைப்பாளர்கள் கவனிக்க வேண்டும். 2022இல் ஸ்பெயினின் பில்பாவ் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் அமைத்த கண்காட்சியிலோ, 1930களின் புகாட்டி போன்ற கார்கள் நின்ற கூடத்திலேயே ஹென்றி மூரின் சிற்பமும் அலெக்சாண்டர் கால்டரின் தொங்கு சிற்பமும் இருந்தன. வளைவுகளைப் பார்க்கக் கண்ணைப் பழக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் வடிவத்தோடு நின்றுவிட்டால், நுழைவுக் கட்டணம் வாங்கும் ஷோரூம்தான் மிஞ்சும்.

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1979இல் ஒரு பி.எம்.டபிள்யூ. எம்1 பந்தயக் காருக்கு அரை மணி நேரத்துக்குள் தம் கையாலேயே வண்ணம் தீட்டினார். அந்த வண்டி அதே ஆண்டு பிரான்சின் லெ மான் 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தில் ஆறாவதாக வந்தது. இதைக் காட்ட யாருக்கும் ஆசை வரும். அதே வார்ஹோல்தான் 1963இல், நசுங்கிய கார்களையும் அவற்றில் மாண்டவர்களையும் காட்டும் செய்திப் படங்களைத் திரையச்சில் (துணித்திரை வழியே மை பதிக்கும் முறையில்) திரும்பத் திரும்பப் பதித்தவர். முன்னதை நடுக்கூடத்தில் நிறுத்திவிட்டுப் பின்னதைத் தவிர்க்கும் அமைப்பாளர், அந்தக் கலைஞர் காரைப் பற்றிச் சொன்னதில் பாதியை மறைத்தவராகிறார்.

பணம் தரும் நிறுவனங்கள் இதற்கு ஒப்புமா என்று கேட்கலாம். டெட்ராய்ட் கலை அருங்காட்சியகச் சுவர்களில் 1932, 1933 ஆண்டுகளில் மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேரா 27 பகுதிகளாகத் தீட்டிய ஓவியங்களுக்குச் செலவு செய்தவர் ஃபோர்டு கார் நிறுவனத்தின் அப்போதைய தலைவர் எட்சல் ஃபோர்டு. எஞ்சினோடும் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் இயந்திரங்களோடும் மல்லுக்கட்டும் தொழிலாளர்களே அவற்றில் நிறைந்திருக்கிறார்கள். முழுதாக முடிந்த காரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவற்றை அழிக்க வேண்டுமென்று எதிர்ப்பு கிளம்பியபோதும் எட்சல் ஃபோர்டு பின்வாங்கவில்லை. கார் ஆலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் அருகில் வைத்திருக்கும் சென்னையில் ஒரு கண்காட்சி அமையுமானால், அதற்குப் புரவலராக வரும் நிறுவனத்திடம் அந்த அளவு மனத்திண்மையை எதிர்பார்ப்பது தவறாகாது.

கார்களைக் கூடத்துக்குள் கொண்டுவருவோர் பெட்ரோலை வடித்து, பேட்டரி இணைப்பைக் கழற்றுவது வழக்கம். ஒளியைப் பற்றித்தான் பலர் யோசிப்பதில்லை. காரின் பளபளப்புக்காகப் போடும் விளக்குகளின் கீழ், வடிவமைப்பாளர்கள் காகிதத்தில் வரைந்த கோட்டோவியங்கள் வெளிறிவிடும். அவற்றுக்கு 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவு மங்கிய ஒளியே போதும் என்பதால் தனி அறை ஒதுக்க வேண்டும்.

மேலும், தென்னாப்பிரிக்க ஓவியர் எஸ்தர் மாலாங்கு தம் நிடெபெலே இனப் பெண்கள் வீட்டுச் சுவர்களில் தீட்டும் கோலங்களை 1991இல் ஒரு பி.எம்.டபிள்யூ. காரில் தீட்டினார், அந்த வண்டி இன்றும் அவர் பெயரால்தான் அறியப்படுகிறது. நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளில் வண்ணம் தீட்டும் ஓவியர்களின் வேலைப்பாட்டை நம் அமைப்பாளர்கள் காட்சிக்குக் கேட்டால், ‘நாட்டுப்புறக் கலை’ என்று பொதுவாக எழுதிவிடாமல், தீட்டியவரின் பெயரையும் ஊரையும் விவரப் பலகையில் குறிப்பிட்டு, மற்ற கலைஞர்களுக்குத் தரும் அதே மதிப்பூதியத்தையும் தர வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
சேலம்.